கங்காணி: நமது மலையில் பதவி, தெற்கில் குடும்பப் பெயர்

கொழும்பு, காலி, மாத்தறைப் பக்கத்து மொத்த வியாபாரிகளோடு கொடுக்கல் வாங்கல் உள்ளவர்கள் தமது பில்களையும் காசோலைகளையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். கங்கானம்கே என்ற பெயர் எங்காவது ஓரிடத்தில் நிச்சயம் கண்ணில் படும். சிலருக்கு அது கங்கானம் கமகே, வேறு சிலருக்கு ஹேவா கங்கானம்கே. எல்லாம் சிங்களச் சகோதரர்களின் பெயர்கள். ஆனால் அந்தப் பெயரின் உள்ளே இருப்பது நமது தோட்டத்துக் கங்காணிதான் என்று சொன்னால், ஹட்டனில் முப்பது வருஷம் கடை வைத்திருப்பவர்கள் கூட நம்ப மாட்டார்கள்.

கண்காணி என்பது பழைய தமிழ்ச் சொல். கண்ணால் கண்டு மேற்பார்வை செய்பவன் என்று பொருள். சோழர் காலத்துக் கோயில் கல்வெட்டுகளில் "கண்காணி செய்வார்" என்று வருகிறது. கோயிலுக்கு விட்ட நிலம், நெல், விளக்கு நெய் எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பவர்கள் அவர்கள். இன்றைய பாஷையில் சொன்னால் கணக்குப் பரிசோதகர். ஆக, இது கௌரவமான உத்தியோகமாகத்தான் தொடங்கியிருக்கிறது.

சிங்களத்தில் இது கங்கானம ஆயிற்று. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் ஆண்ட கரையோரப் பகுதிகளில் உள்ளூர் உத்தியோகங்களுக்கு ஒரு படிவரிசை இருந்தது. முதலியார், முகாந்திரம், ஆராச்சி, அதற்குக் கீழே கங்காணி. லஸ்கரின் என்ற உள்ளூர்ப் படையிலும் இதே வரிசைதான். உத்தியோகம் பார்த்தவரின் வீட்டாரைக் குறிக்கச் சிங்களத்தில் "கே" என்ற ஒட்டைச் சேர்ப்பார்கள். கங்கானம்கே என்றால் கங்காணி வீட்டார். லியனகே என்பது எழுதுவினைஞர் வீட்டார், வெதகே என்பது வைத்தியர் வீட்டார். ஹெட்டிகே? நமது செட்டியார்தான். ஒல்லாந்தர் காணிகளையும் குடிகளையும் தோம்பு என்ற பதிவேடுகளில் எழுதி வைத்தபோது இப்படிப்பட்ட வீட்டுப் பெயர்களும் ஏறின. உத்தியோகம் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. தெற்கிலும் மேற்கிலும் இந்தப் பெயர் இவ்வளவு பரவலாக இருப்பதற்கு அந்தப் பதிவேடுகளே பெரிய காரணம் என்பது என் அபிப்பிராயம்.

நம்மவர்களிடமும் இந்த வழக்கம் உண்டு. மரிக்கார் என்ற பெயருக்கு மரக்கலத்தோடு சம்பந்தம் சொல்கிறார்கள். மர்கப் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. இரண்டுக்கும் பொருள் கப்பல்தான். லெப்பை என்றால் மார்க்கம் கற்றுக் கொடுப்பவர். ஆனால் கண்டியில் 1882இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கிய சித்திலெப்பை சட்டத்தரணி. கொழும்பு நூதனசாலையைக் கட்டிய வாப்பிச்சி மரிக்கார் கட்டட ஒப்பந்தக்காரர், கப்பல்காரர் அல்ல. பெயர் ஒரு தொழிலில், ஆள் வேறு தொழிலில். தொழிற்பெயர் குடும்பப் பெயராகிவிட்டால் அப்படித்தான்.

இனி நமது மலைக்கு வருவோம். இங்கேதான் கணக்கு மாறுகிறது.

1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கிய பின்னர் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைத் திரட்டிக் கொண்டு வர ஆள் தேவைப்பட்டது. ஊரிலே சொந்தம், சாதி, பழக்கம் உள்ள ஒருவர் முன்பணத்தைக் கொடுத்து இருபது முப்பது பேரைச் சேர்த்துக் கொண்டு வருவார். அவர்தான் கங்காணி. தோணியில் மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். கொலராவில் வழியிலேயே மடிந்தவர்கள் பலர். 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டு, பிறகு தேயிலை வந்தது. தேயிலைக்கு வருஷம் முழுவதும் ஆள் வேண்டும். கங்காணியின் கை ஓங்கியது. பெரிய கங்காணி, அவருக்குக் கீழே சில்லறைக் கங்காணி என்று இரண்டு தட்டு. வேலைக்கு வந்த ஆளுக்கு இவ்வளவு சதம் என்று துரை கங்காணிக்குக் கொடுப்பார். தலைக்காசு, பென்ஸ் காசு என்று அவற்றுக்குப் பெயர். ஆள் எண்ணிக்கைதான் அவருடைய முதல்.

வியாபாரிகள் கவனிக்க வேண்டிய இடம் துண்டு முறை. கங்காணி தன் ஆட்களோடு வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், இன்ன தொகைக் கடனைக் கட்டினால் விடுவிக்கத் தயார் என்று துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு கங்காணி தோட்டம் தோட்டமாகப் போவார். ஆள் தேவைப்பட்ட துரை பழைய கடனைக் கட்டி, மேலே கொஞ்சம் முன்பணமும் கொடுத்து எடுத்துக்கொள்வார். அடுத்த துண்டில் தொகை இன்னும் கூடும். நாம் மாற்றிக் கொடுக்கும் காசோலை போல, மனிதர்களின் கடன் கைமாறியது. பணத்தை எண்ணியது துரையும் கங்காணியும். கடன் ஏறியதோ லயத்தில் படுத்திருந்தவனின் பேரில். 1921இல் சட்டம் போட்டுத்தான் இதை நிறுத்தினார்கள்.

சட்டம் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க இந்தியத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் தொழிலாளி என்றால் யார் என்று விளக்கம் உண்டு. தொழிலாளியும் கங்காணியும் அதில் அடக்கம். "துலுக்கர்" எனப்படும் முஸ்லிம்களும் அடக்கம் என்று அதிலேயே இருக்கிறது. தோட்டப் பதிவேட்டில் பெயர் ஏறிய முஸ்லிம்களும் இருந்தார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? மலையகத்தில் நாம் எல்லோரும் மூட்டையும் முழக்கோலுமாக வந்த வியாபாரிகளின் பிள்ளைகள் என்று பேசிக்கொள்கிறோம். அது பாதி உண்மைதான்.

1884இல் ரயில் ஹட்டனுக்கு வந்தது, அடுத்த வருஷம் நானுஓயாவுக்கு. கடைத்தெருக்கள் அதன் பிறகு வேகமாக வளர்ந்தன. அந்தக் கடைகளுக்கும் கங்காணிக்கும் இருந்த உறவைப் பழைய ஆட்களிடம் கேட்க வேண்டும். என் வாப்பாவின் கடன் கொப்பியில் தொழிலாளியின் சொந்தப் பெயர் இருக்காது. கங்காணியின் பெயரை மேலே எழுதி, கீழே ஒன்று, இரண்டு என்று இலக்கம் போட்டிருப்பார். அரிசி, கருவாடு, தீபாவளிச் சேலை எல்லாம் கங்காணியின் வாய்ச்சொல்லில் போகும். சம்பள நாளில் கங்காணி வந்து தீர்ப்பார். கடைக்காரனுக்கு இது வசதி. நூறு பேரைத் தேடிப் போகாமல் ஒருவரைப் பிடித்தால் போதும். ஆனால் எடுத்தவனுக்குத் தன் கணக்கு தெரியாது. சில கடைகளில் கங்காணிக்குத் தனியாகக் கழிவு கொடுத்து, அதை ஆட்களின் விலையில் ஏற்றியதும் நடந்தது. இதை மறைத்துப் பேசுவதில் பிரயோசனம் இல்லை.

இப்படிப்பட்ட பதவியிலிருந்து பெரிய நிலைக்கு வந்தவர்களும் உண்டு. சௌமியமூர்த்தி தொண்டமானின் தகப்பனார் கருப்பையா வறுமையில் வந்து, பெரிய கங்காணியாகி, றம்பொடையில் வேவண்டன் தோட்டத்தையே விலைக்கு வாங்கியவர். மறுபக்கம், 1931இல் ஹட்டனில் தொழிற்சங்கம் அமைத்த நடேசய்யர் கங்காணி முறையை மேடைக்கு மேடை விளாசினார். ஒரே சொல், ஒரே மலை, இரண்டு நினைவுகள்.

தெற்கில் குடும்பப் பெயரான கங்காணி இங்கே ஏன் ஆகவில்லை? ஒரு காரணம், மலையகத் தமிழர்கள் தகப்பன் பெயரின் முதலெழுத்தை வைப்பவர்கள், பரம்பரைப் பெயர் வைப்பதில்லை. ஆனாலும் லயத்தில் இன்றும் "கங்காணி வீட்டுப் பொடியன்" என்று சொல்வார்கள். வழக்கில் இருக்கிறது, பிறப்புச் சான்றிதழில் இல்லை. இன்னொரு காரணம் மனக்கசப்பு என்று நினைக்கிறேன். மாத்தறையில் கங்காணி என்பது முன்னூறு வருஷத்துக்கு முந்திய உத்தியோகம். யாருக்கு அவர் என்ன செய்தார் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. இங்கே பாட்டன் பட்ட கடனைப் பேரன் கேட்டு வளர்ந்திருக்கிறான். சொந்த ஆட்களைக் காட்டிக் கொடுப்பவனைக் கங்காணி என்று ஏசுவதை நானே கடையில் பலமுறை கேட்டிருக்கிறேன்.

பதவி மட்டும் ஒழியவில்லை. மலையில் கொழுந்து எடுப்பவர்களுக்குப் பின்னால் நிற்பவர் இன்றும் கங்காணிதான். ஆனால் ஆள் பிடிப்பதில்லை, கடன் கொடுப்பதில்லை, அவரும் சம்பளக்காரர். சில தோட்டங்களில் பெண்களையும் அந்த வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். முன்பு கங்காணியம்மா என்றால் கங்காணியின் மனைவி. இப்போது கடைக்கு வரும் கங்காணியம்மா தானே கங்காணி. தன் பேரில் தனியாகக் கொப்பி வைத்து, ஒவ்வொரு வரியையும் வாசித்துப் பார்த்து, கூட்டலையும் சரிபார்த்த பிறகுதான் காசை எடுத்து வைக்கிறார்.