பழையது பத்திரம்

காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு வீடு திரும்பினேன். தம்பி கணினி முன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். அவன் எழுதிய விளையாட்டைப் புதுப்பிக்கும்போது நண்பனின் மடிக்கணினி பாதியில் அணைந்துவிட்டதாம். பழைய கோப்புகள் மீதே புதியவை அரைகுறையாகப் பதிவானதால் விளையாட்டு திறக்கவே இல்லை. “இனி உன் கேமே வேண்டாம்டா” என்று சொல்லிவிட்டான் நண்பன்.

“லாஞ்சரைத் திரும்ப எழுதணும்க்கா,” என்றான் தம்பி.

லாஞ்சர் என்பது விளையாட்டைப் புதுப்பித்துத் தொடங்கிவைக்கும் சிறு செயலி. சர்வரில் உள்ள பட்டியலில் ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை போன்ற ஓர் அடையாளம் இருக்கும். மைன்கிராஃப்ட் பயன்படுத்தும் ‘ஷா-1’ முறையில் அது எண்ணும் எழுத்துமாக 40 குறிகள். கோப்பு சற்று மாறினாலும் ரேகை மாறிவிடும். மாறியதை மட்டும் இறக்கினால் போதும், டேட்டா மிச்சம்.

இப்போது தம்பி, புதிய பதிப்பைத் தனிக் கோப்புறையில் சேர்க்கிறான். எல்லா ரேகையும் பொருந்திய பிறகே அதைத் திறக்கிறான். அதுவரை பழையதைத் தொடுவதில்லை.

வானொலியிலும் அடுத்த பாடல் தயாராகாமல் ஓடும் பாடலை நாங்கள் நிறுத்துவதில்லை.

நேற்று நண்பனை அழைத்து, புதுப்பிக்கும்போதே கணினியை அணைக்கச் சொன்னான். மீண்டும் போட்டதும் பழைய விளையாட்டு திறந்தது. இருவரும் நள்ளிரவுவரை விளையாடினார்கள்.