பாட்டியை யார் தூக்குவது? எண்ணூரும் நர்சிங் மாணவிகளும்

2023 டிசம்பர் 26, நள்ளிரவை நெருங்கும் நேரம். எண்ணூரில் இருக்கும் சித்தியிடமிருந்து போன். "கண்ணு எரியுதுடா, மூச்சு விட முடியல. எல்லாரும் ஓடுறாங்க, நாங்க எந்தப் பக்கம் ஓடணும்?" நான் என்ஜினியர்தான், ஆனா என்கிட்ட பதில் இல்லை.

கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுபோகும் கடலடிக் குழாயில், பெரியகுப்பம் அருகே கசிவு. ஐம்பது பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அதே மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளமும், எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய்ப் படலமும். வெள்ளம் வந்தா மாடிக்குப் போகணும்னு எங்க ஊர்ல குழந்தைக்கும் தெரியும். வாயு வந்தா என்ன செய்யணும்?

அதற்கப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன். அம்மோனியா காற்றைவிட லேசானது, அதனால் மேலே போய்விடும் என்று நினைப்போம். ஆனால் குளிர்ந்த திரவமாகக் கசியும்போது, ஈரக் காற்றோடு சேர்ந்து பனிமூட்டம் மாதிரி தரையோடு தவழும். தண்ணீரில் சட்டென்று கரையும். கண், மூக்கு, தொண்டை எரிவது அதனால்தான், அங்கெல்லாம் ஈரம் இருக்கிறது. ஈரத்துணியை மூக்கில் வைத்தால் கொஞ்சம் பலன் கிடைப்பதற்கும் அதே காரணம்தான். ஆனா அது சில நிமிடம் தாண்டிப் போக மட்டும், முகமூடி கிடையாது.

இன்னொரு விஷயம், நெடி. காற்றில் பத்து லட்சத்தில் 5 முதல் 50 பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். உடனடி உயிராபத்து என்று வைத்திருக்கும் அளவு 300 பங்கு. அதாவது, கசிவு தூரத்தில் இருந்தால் நெடி வந்ததும் கொஞ்சம் நேரம் கையில் இருக்கு. காற்று போகும் திசையிலேயே ஓடினால் வாயு கூடவே வரும். காற்றுக்குக் குறுக்கே போகணும். கொடியில் காயும் துணியைப் பார்த்தாலே காற்று எந்தப் பக்கம்னு தெரியும். வெளியே போக முடியாவிட்டால் ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணி வைத்து, ஏசியையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் நிறுத்தணும். கண்ணில் பட்டால் வெறும் தண்ணீரால் கால் மணி நேரம் கழுவணும்.

1984-ல் போபாலிலும் இப்படி ஒரு டிசம்பர் நள்ளிரவுதான். ஈரத்துணி விஷயத்தைக்கூட யாரும் மக்களுக்குச் சொல்லி வைக்கவில்லை. அதற்குப் பிறகு 1989-ல் வந்த அபாயகர ரசாயன விதிகள், விபத்து நடந்தால் என்ன செய்வது என்று சுற்றியுள்ள மக்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்கச் சொல்கின்றன. 1996 விதிகளில் உள்ளூர் நெருக்கடிக் குழுவும் உண்டு. காகிதத்தில் எல்லாம் இருக்கு. அதை வாசற்படி வரைக்கும் கொண்டு வருவது யார்?

கசிவு நடந்து சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, நான் சித்தி வீட்டில் இருந்தபோது இரண்டு நர்சிங் மாணவிகள் வந்தார்கள். சமுதாய நலப் பயிற்சி. பி.பி. பார்த்தார்கள், குடும்பக் கோப்பு ஒன்றை நிரப்பினார்கள்: எத்தனை பேர், யாருக்கு சர்க்கரை, யாருக்கு வீசிங், யார் கர்ப்பம். சித்தியின் மாமியாருக்கு எண்பது தாண்டியாச்சு, சுவரைப் பிடித்துத்தான் நடப்பார்.

ஒரு பெண் கேட்டாள்: "ஆன்ட்டி, அன்னைக்கு ராத்திரி பாட்டியை யாரு தூக்கிட்டுப் போனது?"

"பக்கத்து வீட்டுப் பையன். தூங்காம போன் பாத்துட்டு இருந்தான், நல்லவேளை."

"அவன் ஊர்ல இல்லைன்னா?"

சித்தி பதில் சொல்லவில்லை.

எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியமாகப் பட்டது. மாவட்ட நிர்வாகத்துக்கு எத்தனை டன் அம்மோனியா எங்கே இருக்குன்னு தெரியும். ஆனா எந்தத் தெருவில், எந்த வீட்டில் ஓட முடியாதவர் இருக்கிறார்னு ஒவ்வொரு படியாக ஏறி எழுதிக்கொள்வது இந்த மாதிரிப் பிள்ளைகள்தான். இந்திய நர்சிங் கவுன்சிலின் பி.எஸ்ஸி. பாடத்திட்டத்தில் பேரிடர்கால நர்சிங் கட்டாயப் பாடம். சர்வதேச செவிலியர் மன்றமும் 2009-லேயே இதற்கான திறன்களை வரையறுத்திருக்கிறது. படிப்பும் இருக்கு, வீட்டுக்குள் நுழைகிற உரிமையும் இருக்கு. வெள்ளை கோட் போட்ட அதிகாரி சொன்னால் தலையாட்டும் எங்க ஊர் ஆட்கள், இந்தப் பிள்ளைகளிடம் திருப்பிக் கேள்வி கேட்பார்கள். அங்கேதான் விஷயம் மனதில் ஏறும்.

குறையும் இருக்கு. பயிற்சி முடிந்ததும் மாணவிகள் போய்விடுவார்கள், கோப்பு கல்லூரி அலமாரிக்குப் போய்விடும். என் தொழில் மொழியில் சொன்னால், தரவு இருக்கு, அதைப் படிக்க ஆள் இல்லை. ஒரே ஒரு பக்கம் போதும்: அந்தத் தெருவில் தூக்கிச் செல்ல வேண்டியவர்கள் யார், ஒவ்வொருவருக்கும் பொறுப்பேற்ற இரண்டு பேர் யார். வீட்டாரின் சம்மதத்தோடு, நோய் விவரம் எதுவும் இல்லாமல், அதை அந்தப் பகுதி நகர சுகாதார செவிலியரிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். அடுத்த ஆண்டு வரும் மாணவிகள் அதையே சரிபார்க்கலாம். வீடு மாறுவார்கள், பையன்கள் வேலைக்கு வெளியூர் போவார்கள், பட்டியல் பழசாகும்.

அன்றைக்கு அந்தப் பெண் ஒரு தாளைக் கிழித்து இரண்டு பெயரும் போன் நம்பரும் எழுதச் சொன்னாள். முதல் பெயர் பக்கத்து வீட்டுப் பையன். இரண்டாவது பெயருக்கு சித்தி ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, பேச்சுவார்த்தை இல்லாத எதிர்வீட்டுக்காரர் பெயரைச் சொன்னார். சாயங்காலம் நான்தான் போய் அவரிடம் கேட்டேன். "இதுக்கெல்லாம் வந்து கேக்கணுமா தம்பி?" என்றார்.

தாள் இப்போது ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கு.