பழைய சங்கிலி வாள் வாங்குமுன்

கமக்காரர்களே, விழுந்த மரத்தை அரியச் சங்கிலி வாள் பேருதவியாகும். ஆயினும் வெள்ளவத்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ இணையத்தில் விளம்பரமாகும் பழைய வாளைப் படத்தை மட்டும் நம்பி வாங்கலாகாது. நேரிற் பார்க்கும்வரை முற்பணம் அனுப்பாதீர்கள்.

1. சங்கிலி வாள்களைப் பொலிஸ் நிலையங்களிற் பதியுமாறு 2016ஆம் ஆண்டில் அரசாங்கம் பணித்தது. ஆதலின் பதிவுப் பத்திரத்தைக் கேட்டு, வாளிலுள்ள இலக்கத்துடன் ஒப்பிடுக. ஐயமிருப்பின் பொலிஸ் நிலையத்தில் விசாரித்தறிக.

2. இயந்திரம் குளிர்ந்திருக்கையில் இயக்கிக் காட்டச் சொல்லுக. இழுகயிறு எதிர்ப்பின்றி இலகுவாக வந்தால் பிஸ்டன் தேய்ந்திருக்கலாம். எண்ணெய் கலவாத பெற்றோலை ஊற்றுவதால் இக்கேடு விளையும்.

3. விசையைத் தளர்த்திய பின்னும் சங்கிலி ஓடினாலோ, தடுப்பு அதனை உடனே நிறுத்தாவிட்டாலோ வாங்காதீர்கள்.

விலை குறைவென்று கைவிரலை ஈடுவைத்தல் தகாது.