பொதுப் பெட்டி எங்கே வந்து நிற்கும்?

2013 ஆம் ஆண்டு. நான் இந்த வேலையில் சேர்ந்த புதிது. ஹற்றன் பக்கத் தோட்டமொன்றிலுள்ள பெரியம்மாவைப் பார்க்க வவுனியாவிலிருந்து ஒரு சகோதரி இரண்டு பிள்ளைகளுடன் வந்திருந்தார். 1977 கலவரத்தின் பின் அவரது பெற்றோர் வன்னிக்குப் போக, பெரியம்மா லயத்திலேயே இருந்துவிட்டார். 2009 இல் கணவரையும் ஒரு பிள்ளையையும் இழந்தவர் அவர். திரும்பும் நாளில் வழியனுப்ப நானும் போனேன்.

பொல்காவலையில் இறங்கி வடக்கு ரயிலுக்கு மாற வேண்டும். பிரயாணச்சீட்டு கையில் இருந்தது. கோச்சி வந்து நின்றபோதுதான் எங்கள் பிழை தெரிந்தது. எங்களுக்கு முன்னால் நின்றவை ஆசனப் பதிவுப் பெட்டிகள். மூன்றாம் வகுப்புப் பொதுப் பெட்டிகள் கடைசியில். மூட்டைகளோடு ஓடினோம். மூத்த பிள்ளையை உள்ளிருந்தவர்கள் தூக்கிக்கொண்டார்கள். தாய் ஏறுமுன் ரயில் நகர்ந்துவிட்டது.

அவர் கத்தவில்லை. நிலத்தில் குந்திவிட்டார். "மிஸ், திரும்பவும் ஒரு பிள்ளையா?" என்று மட்டும் கேட்டார்.

நிலைய அதிபர் உடனே அடுத்த நிலையத்துக்குத் தொலைபேசியில் அறிவித்தார். முச்சக்கர வண்டியில் போய்ச் சேர்ந்தோம். கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர் பிள்ளையோடு இறங்கி, மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நாவலப்பிட்டிக்கு கிளினிக் போகப் புறப்பட்டவராம். அன்றைய பேரும் போயிற்று, கிளினிக்கும் போயிற்று.

பெட்டிகளைக் கூட்டினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். 1885 இல் நானுஓயாவை எட்டிய இந்தப் பாதை சில இடங்களில் 44 அடிக்கு ஓர் அடி ஏறுகிறது. பட்டிப்பொலையில் உயரம் 6,226 அடி. இயந்திரம் இழுக்கும் பாரத்துக்கு எல்லை உண்டு. றம்புக்கணைக்கு மேலே ஒரே தண்டவாளம் என்பதால் ரயில்களையும் நினைத்தபடி கூட்ட முடியாது. 2012 இல் வந்த சீன ரயில்கள் முழுத் தொடராகவே ஓடுபவை. ஆக, ஒரு பதிவுப் பெட்டி கூடினால் ஒரு பொதுப் பெட்டி குறையும். எல்ல ரயிலுக்கான இணையச் சீட்டுகள் 42 விநாடிகளில் தீர்ந்ததாக 2025 ஜனவரியில் அரசாங்கமே சொன்னது. அந்த ஓட்டத்தில் நமது பெண்கள் எங்கே நிற்பது? தாய்மாருக்கென்று ஒரு பெட்டி ஒதுக்கினால் என்ன என்பதே என் கேள்வி.

சகோதரிகளே, பொதுப் பெட்டி எங்கே நிற்கும் என்று நிலைய ஊழியரிடம் முன்பே கேளுங்கள். பெரியவர் ஒருவர் ஏறிய பிறகே பிள்ளையை ஏற்றுங்கள். 2025 நவம்பர் புயலில் இந்தப் பாதை பல இடங்களில் சிதைந்தது. எதுவரை ரயில் ஓடுகிறதென்று விசாரித்த பின்பே வீட்டிலிருந்து புறப்படுங்கள்.