மாரிக்கு வைத்த வற்றல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக் காற்றோடு பொழியும் மாரி மழையே சுண்ணக்கல்லினூடே இறங்கிக் கிணறுகளை நிரப்புகின்றது. அந்நீரை நம்பியே வீட்டு வளவுகளிற் கத்தரி, மிளகாய், தக்காளி, வெண்டி, பயற்றை, பாகல் முதலியன வளர்க்கப்படுகின்றன. மழை ஓய்ந்து தை பிறந்ததும் நடுகை தொடங்கும். பங்குனியிலும் சித்திரையிலும் காய்கள் நிரம்பக் கிடைக்கும்.

ஆயினும், எல்லாப் பயிரும் ஒருசேர விளையும் ஆண்டு அரிது. தையிலும் மழை நீடித்தால், நீர் தேங்கிய பாத்திகளில் மிளகாய்க் கன்றுகளின் வேர் அழுகிவிடும். வெயில் ஏறியபின் நுண்ணிய பூச்சிகள் சாற்றை உறிஞ்ச, குருத்திலைகள் சுருண்டு செடி குன்றிப்போகும். அதே ஆண்டிற் பந்தலிற் படர்ந்த பாகல், உண்டு தீராத அளவுக்குக் காய்த்துத் தொங்குவதும் உண்டு.

இக்காரணம் பற்றியே ஒரு பயிரை மட்டும் நம்பாது பலவற்றைக் கலந்து நடுதல் அறிவுடைமையாகும். மிளகாய், கத்தரி, தக்காளி ஆகிய மூன்றும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மண்ணில் வாழும் வாடல்நோய்ப் பற்றீரியா மூன்றையும் தாக்கவல்லது. எனவே, அவை நின்ற பாத்தியில் அடுத்த முறை பயற்றையை நடுதல் நன்று. அதன் வேர் முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பயிருக்கு உதவும் வடிவில் மாற்றித் தருகின்றன.

இனி, மிகுதியாய்க் கிடைத்த காயை என் செய்வது? உணவைப் பழுதாக்கும் நுண்ணுயிர்கள் வாழ நீர் வேண்டும். வெயில் அந்நீரை உலர்த்துகின்றது. உப்பு அதனை வெளியே இழுக்கின்றது. மோரின் புளிப்பு பல கிருமிகளை வளரவொட்டாது தடுக்கின்றது. வற்றலும் மோர்மிளகாயும் இவ்வுண்மைகளின் மேல் எழுந்தவையே.

பாகற்காயை மெல்லிய வில்லைகளாக அரிந்து, உப்பும் மஞ்சளும் பிரட்டிப் பாயிலே பரப்புவர். மிளகாயைக் கீறி, உப்பிட்ட மோரில் இரவில் ஊறவிட்டுப் பகலில் உலர்த்துவர். மாலையானதும் அவற்றை வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும். பனியில் விட்டால் உலர்ந்தது மீண்டும் ஈரமாகும். நன்கு காய்ந்த வற்றல், வளைத்தால் முறியும். வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் உண்டென்பது பொருள். போத்தலில் இட்டுச் சில நாள்கள் கவனிக்கும்போது உட்புறத்தில் நீர் அரும்பினால் மறுபடியும் வெயிலில் இடல் வேண்டும்.

பூஞ்சணம் பிடித்த வற்றலைத் துடைத்தெடுத்துச் சமைக்கலாம் என எண்ணுதல் தவறு. சில பூஞ்சணங்கள் உண்டாக்கும் நச்சு, ஈரலைக் கெடுப்பது. சமையற் சூட்டில் முற்றாக அழிவதில்லை. ஆகவே, அதை எறிந்துவிடுவதே தக்கது.

1990களில் வடபகுதிக்குப் பொருள்கள் வருவது கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில், வளவிற் காய்த்த காயும் போத்தலில் வைத்த வற்றலும் எத்துணைப் பெறுமதி உடையவை என்பதைக் குடும்பங்கள் நன்கு உணர்ந்தன. அத்தகைய இடர் இல்லாத காலத்திலும் மாரி தவறாது வருகின்றது. பாத்திகள் வெள்ளத்தில் மூழ்கி, சந்தையில் மரக்கறி விலை ஏறும் நாளில், சித்திரை வெயிலிற் காய்ந்த ஒருபிடி வற்றல் வீட்டாரின் சோற்றுக்குக் குழம்பாகும்.