ஊசிக் காய்ச்சலா? சர்க்கரை மயக்கமா? நோட்டு சொல்லும் பதில்!

தடுப்பூசி போட்ட அன்று இரவு. பெரியவருக்கு உடம்பு நடுங்குகிறது. நெற்றியில் வியர்வை. தலை சுற்றுகிறது.

"வேண்டாம், வேண்டாம் என்றேனே, கேட்டீர்களா?" என்று மனைவி கண் கலங்குகிறார்.

"ஊசி போட்டால் அப்படித்தான் இருக்கும். காலையில் சரியாகிவிடும், அம்மா" என்கிறான் மகன்.

2021-ம் ஆண்டில் பல வீடுகளில் கண்ட காட்சி இது. அந்த ஆண்டு ஜனவரி 16-ந் தேதி இந்தியாவில் கொரோனா தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். மார்ச் 1-ந் தேதி முதல் 60 வயது ஆனவர்களுக்கும், நாள்பட்ட நோய் உள்ள 45 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் போட்டார்கள்.

தாய் சொன்னது சரியா, மகன் சொன்னது சரியா? இருவரும் ஒன்றை மறந்துவிட்டார்கள். பெரியவருக்குச் சர்க்கரை வியாதி!

இரண்டு காரணம்

தடுப்பூசி போட்டதும், கிருமியை எதிர்க்க உடம்பு பழகுகிறது. அதனால் கை வலி, காய்ச்சல், உடல் வலி வரும். பெரும்பாலும் இரண்டு, மூன்று நாளில் போய்விடும்.

ஆனால், ரத்தத்தில் சர்க்கரை குறைந்தாலும் நடுக்கம் வரும், வியர்க்கும், தலை சுற்றும். அது காலை வரை காத்திருக்காது!

காய்ச்சலால் சிலருக்குச் சர்க்கரை ஏறுவதும் உண்டு. ஆகவே ஊகம் கூடாது. சோதித்துப் பார்க்க வேண்டும்.

அளவு 70-க்குக் கீழே இருந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

நோட்டில் என்ன எழுதுவது?

ஊசிக்கு மூன்று நாள் முன்பே எழுதத் தொடங்குங்கள். தேதி, நேரம், சர்க்கரை அளவு, காய்ச்சல், சாப்பாடு, மாத்திரை. இவ்வளவுதான்.

முன்பே எழுதுவது எதற்கு? கால் எரிச்சல் ஊசியால் வந்ததா, முன்பே இருந்ததா என்று அப்போதுதான் தெரியும். ஊசிக்குப் பிறகும் ஒரு வாரம் எழுதுங்கள். டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையையோ இன்சுலினையோ நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், முகம் வீங்குதல், விடாத தலைவலி இருந்தால் நோட்டை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்!

அந்த ஒரு வரி

பெரியவர் வீட்டிலும் ஒரு நோட்டு இருந்தது. மகன் புரட்டினான். தாயின் கையெழுத்தில் ஒரு வரி: "இரவு 7 மணி. மாத்திரை போட்டார். சாப்பிடவில்லை."

சோதித்தார்கள். சர்க்கரை குறைந்திருந்தது. சர்க்கரைத் தண்ணீர் குடித்த சிறிது நேரத்தில் நடுக்கம் நின்றது. பிறகு இரண்டு இட்லி சாப்பிட்டார்.

அடுத்த ஊசிக்குப் புறப்பட்டபோது, நோட்டை முதலில் எடுத்துப் பையில் வைத்தவர் அந்த அம்மாள்தான்.