பாட்டரி முனையில் பூக்கும் உப்பு

நடவுக்குச் சேறு கலக்க வேண்டிய நாளன்று, விடியற்காலையில் டிராக்டரைக் கிளப்பச் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற ஒலி மட்டும் கேட்கிறது, எஞ்சின் சுழலவில்லை. ஆனால் விளக்கு எரிகிறது, ஹாரனும் ஒலிக்கிறது. நாற்றங்காலில் நாற்று முதிர்ந்துகொண்டிருக்க, பாட்டரியின் ஆயுள் முடிந்துவிட்டதென எண்ணி, பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புதிது வாங்கச் செல்வோர் உண்டு. அதற்கு முன்னர் பாட்டரியின் மேற்புறத்தை உற்றுப் பார்த்தல் நலம். பல வேளைகளில் குற்றம் பாட்டரியில் இல்லை; அதன் முனையில் பூத்திருக்கும் உப்பில்தான் இருக்கிறது.

டிராக்டர்களில் பெரும்பாலும் பயன்படும் 12 வோல்ட் பாட்டரியில் ஆறு அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையிலும் ஈயத் தகடுகள் நீர் கலந்த கந்தகத் திராவகத்தில் மூழ்கியிருக்கும். மின்சாரம் ஏறும்போது நீரின் ஒரு பகுதி ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிந்து குமிழியிட்டு வெளியேறுகிறது. அதனுடன் திராவகமும் பனிபோல் வெளிவந்து முனைகளில் படிகிறது. முனையின் அடியில் வெடிப்பு இருப்பின் அவ்வழியாகவும் கசியும். அத்திராவகம் ஈயத்தை அரித்தால் வெண்மையான உப்பு உண்டாகிறது. கேபிளின் செம்பை அரித்தால் நீலப்பச்சையான உப்பு உண்டாகிறது. இந்த நீல உப்பு நமக்குப் புதியதன்று. போர்டோ கலவை தயாரிக்க வாங்கும் மயில்துத்தமே அது.

விளக்கு எரியும்போது ஸ்டார்ட்டர் மட்டும் ஏன் சுழலுவதில்லை? முகப்பு விளக்கு ஒன்றுக்கு 5 ஆம்பியர் மின்சாரம் போதும். ஸ்டார்ட்டருக்கோ 200 ஆம்பியரும் அதற்கு மேலும் வேண்டும். உப்பினால் ஓர் ஓமில் நூற்றில் ஒரு பங்கு தடை ஏற்பட்டதாகக் கொள்வோம். விளக்கிற்கு அதனால் நேரும் இழப்பு 0.05 வோல்ட்டே. ஸ்டார்ட்டருக்கோ 2 வோல்ட் அந்த இடத்திலேயே வீணாகிவிடும். முனை கொதிப்பதும் இதனால்தான்.

சுத்தம் செய்யும்போது எஞ்சினை நிறுத்திவிட்டு, வண்டியின் இரும்புச் சட்டத்துடன் இணைந்த கேபிளையே முதலில் கழற்ற வேண்டும். இக்காலத்து டிராக்டர்களில் அது பெரும்பாலும் கழித்தல் குறியுள்ள முனையாகும். மற்றதை முதலில் கழற்ற முயன்றால், ஸ்பானர் சட்டத்தில் பட்டுத் தீப்பொறி எழும். அருகில் தேங்கியுள்ள ஹைட்ரஜன் வெடித்துவிடலாம். பீடி, சிகரெட் அருகில் வரவே கூடாது. ஈயத்தின் உப்பு நஞ்சாதலால் வெறுங்கையால் சுரண்டுவதும், வாயால் ஊதுவதும் தவறு. பாட்டரியின் மூடிகளை இறுக மூடியபின், ஒரு டம்ளர் நீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடாவைக் கரைத்துப் பழைய பிரஷ்ஷினால் முனையில் தடவுக. நுரை பொங்கும், அது அடங்கும்வரை தடவி, நல்ல நீரால் கழுவி, துடைத்து உலர்த்துக. சோடா நீர் அறைக்குள் இறங்கினால் திராவகம் கெட்டுவிடும். சிலர் வெந்நீரை மட்டும் ஊற்றுகின்றனர். உப்பு கரைவது உண்மையே. ஆயினும் திராவகம் முறியாமல் கீழே வழிந்து இரும்புத் தட்டை அரிக்கிறது.

பின்னர் முனையையும் பிடியையும் உப்புத்தாளால் தேய்த்து, ஈயம் பளிச்சிட்ட பிறகு பூட்டுக. சட்டத்துடன் இணையும் கேபிளைக் கடைசியில் பூட்ட வேண்டும். இறுக்கியதன் பின்னரே வாஸலைன் அல்லது கிரீஸ் பூசுதல் முறை. கேபிளின் உறை உப்பியும், உள்ளே கம்பி கறுத்தும் இருந்தால் அதனை மாற்றுவதே வழி.

சுத்தம் செய்த சில வாரங்களிலேயே மீண்டும் உப்பு பூத்தால் காரணம் வேறிடத்தில் உள்ளது. எஞ்சின் ஓடும்போது பாட்டரியில் 15 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், மின்சாரம் அளவுக்கு மீறி ஏறுகிறது. ரெகுலேட்டரைச் சோதிக்க வேண்டும். அறைகளில் நீரைத் தளும்ப நிரப்புவதும் தவறு. தகடுகள் மூழ்கி, குறியிட்ட அளவுவரை காய்ச்சி வடித்த நீரை விட்டால் போதும்; கிணற்று நீர் ஆகாது. வயலில் வண்டி குலுங்குவதால் பாட்டரியை இறுகக் கட்டிவைப்பதும் அவசியம்; குலுக்கத்தினாலேயே முனையின் அடியில் வெடிப்பு தோன்றுகிறது.

பஞ்சாயத்தின் குப்பை வண்டி ஈய பாட்டரிகளால் ஓடுவதாயின், அங்கும் இதே கவனம் தேவை. அவை வரிசையாக இணைக்கப்பட்டிருந்தால் ஒரு முனை பழுதானாலும் வண்டி நின்றுவிடும். வோல்ட் அளவும் கூடுதலாதலால், பிரதான சுவிட்சை நிறுத்திய பின்னரே, விவரமறிந்தவரைக் கொண்டு சுத்தம் செய்விக்க வேண்டும்.